கேமராவில் பிளாஸ்திரி

பிளாஸ்திரியை உரித்தாகிவிட்டது, அதன் பசைதான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்காவின் கட்டிலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் இருந்த லேப்டாப்பின் கேமராவை அவன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அக்காவை முன்னறைக்குக் கொண்டுபோய்க் கிடத்தியிருந்தார்கள். தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி, துணி வெட்டும் மேசையை வெளியே போட்டும் அங்கே எள் விழ இடமில்லை. யாராவது இந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

"இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா எப்படிடா?" சித்தப்பா வந்தேவிட்டார். "எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. ஏழு வருஷம்! பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்திருக்க மாட்டான்."

அவன் பிளாஸ்திரித் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தூக்கத்துலயே உயிர் போயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஒரு சத்தம் இல்ல. குடுத்து வச்சவ." அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சத்தம் இல்லை என்பது உண்மைதான். சத்தம் வருவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்தவன் அவன்தான்.

மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. குரலும் தேய்ந்துபோய், வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். அதற்காகச் சும்மா கிடக்கிற ஜென்மமா அவள்? பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலை திரும்பும் பக்கம் திரையில் அம்பு ஓடும். ஓர் இடத்தை இரண்டு நொடி உற்றுப் பார்த்தால் அதை அழுத்தியதாக அர்த்தம். கிடந்த கிடையிலேயே முந்நூறு பக்கப் புவியியலைத் திருத்தி அனுப்பியவள். "மூக்கால எழுதுறவ" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள். திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. அதை உற்றுப் பார்த்தால் முன்னறையில் அவன் தலைக்கு மேல் மணி அடிக்கும்.

நாளைக்கு நாற்பது தடவை அடிக்கும். மூக்கு அரிக்கிறது. நெற்றியில் ஈ உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் மாறி அம்பு பேயாட்டம் ஆடுகிறது. ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்துத்தான் மணி அடிக்கும். இந்த ஏழு வருஷத்தில் ஒரு சட்டைக் கையை அவன் ஒரே மூச்சில் தைத்து முடித்ததில்லை. கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்கள்கூட, அரைமணி நேரத்தில் ஆறு தடவை மணி கேட்டதும், நாசூக்காக எழுந்து போனார்கள். கடைத்தெருவில் நின்றால்கூட அவனுக்குக் காதுக்குள் அது அடித்தது.

இன்று முப்பது நர்ஸ் கோட்டுகள் மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பத்தே முக்காலுக்கு மணி அடித்தபோது அவன் உள்ளே போய்க் கத்தினான்.

"இன்னொரு தடவ அடிச்சே, இந்த வீட்டை விட்டே போயிருவேன். பாத்துக்க!"

மின்விசிறியைக் குறைக்கத்தான் கூப்பிட்டிருந்தாள். அதைக் குறைத்தான், கோபம் குறையவில்லை. எதிர் ஆலையில் பதினொரு மணிச் சங்கு ஊதும்போது மறுபடி போனான். மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரி எடுத்துக் கேமராமேல் ஒட்டினான். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் போதும் என்றிருந்தது. கோட்டுகளை முடித்து, பன்னிரண்டே காலுக்கு வந்து பார்த்தபோது அக்கா போய்விட்டிருந்தாள்.

கூப்பிடப் பார்த்திருப்பாளா? அது ஒன்றுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

நாலு மணிக்கு, இந்தக் கேமராவைப் பொருத்தி அக்காவைப் பழக்கிய மறுவாழ்வு மையத்துப் பெண் வந்தாள். அக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தவளிடம் அவன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான்.

"மேடம், காலையில அக்கா மணி அடிக்கப் பாத்தாங்களான்னு இதுல தெரியுமா?"

"எந்த நேரத்துல எதைப் பாத்தாங்கன்னு எல்லாம் பதிவாகியிருக்கும். எதுக்கு சார்?"

அவன் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னான். அவள் குனிந்து விசைகளைத் தட்டினாள்.

"பத்து அம்பத்துமூணு," என்றாள். "அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"நான் ஒட்டினது பதினொரு மணிக்கு. சங்கு ஊதுச்சு, நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆமா. அதுக்கு முன்னாடியே அவங்க கேமராவை நிறுத்திட்டாங்க."

"நின்னு போச்சா?"

"தானா நிக்கல சார். அவங்களே நிறுத்தியிருக்காங்க. 'நிறுத்தவா'ன்னு கேக்கும், 'ஆமா'வைப் பாக்கணும். தெரியாம நடந்துறக் கூடாதுன்னு நான்தான் ரெண்டு தடவ கேக்கற மாதிரி வச்சேன்."

"மறுபடி அவங்களே ஆரம்பிக்கலாமா?"

"முடியாது. யாராவது கையால தட்டணும்." திரையைப் பார்த்தபடியே, "அது அவங்களுக்குத் தெரியும்," என்றாள்.

பிளாஸ்திரியோடு அவன் வந்ததை அக்கா பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ கெஞ்சுகிறாள் என்று நினைத்து, "அப்புறம் கேக்கறேன்" என்று திரும்பி வந்துவிட்டான். திரையைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்திருந்தால் ஒரே வார்த்தைதான் இருந்திருக்கும், நிறுத்திட்டேன்டா என்று.

அழுகை வரவில்லை. அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. கத்தினால் கத்திவிட்டுப் போகிறான் என்று விட்டிருக்கக் கூடாதா? நாற்பது தடவை அடித்தவளுக்கு நாற்பத்தொன்றாவது தடவை அடிக்க என்ன கேடு?

"அணைச்சிரட்டுமா சார்?" அந்தப் பெண் கை தவறி வேறொரு விசையைத் தட்டினாள். அணையவில்லை. காலையில் நிறுத்திய இடத்திலிருந்து நிரல் ஓடத் தொடங்கியது. கேமரா முகம் தேடியது. எதிரே நின்ற அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. "வண்டி வந்துருச்சு," என்றார் சித்தப்பா. "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. உன் அக்காவைத் தூக்கலாமாடா?"

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. தலையை ஆட்டினான். திரையில் அம்பு மேலே போய்க் கீழே வந்தது.