எண்ணெய் போட்ட நாள்

தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது தேவனுக்கு. விடிந்ததிலிருந்து கடைசல் மெஷினில் குனிந்து நின்ற வலி. அந்தத் தோளோடுதான் அண்ணன் அப்பாவுவின் உடலைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கூடத்துப் பெஞ்சில் கிடத்த வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் ரப்பர் பால் வாளி சுமந்த உடம்பு. இப்போது கையில் ஒன்றுமே இல்லாததுபோல் வந்தது.

"தலைய நீ புடிலா மச்சான், காலு என்கிட்ட இருக்கு," என்றான் பக்கத்து வீட்டு அர்ச்சுனன்.

மலேசியாவில் ஈப்போவை அடுத்த லகாட்டில் அந்த வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. எட்டு வருடமாக அண்ணனும் தம்பியும் அங்கே வாத்து ஊதல் செய்தார்கள். எங்கோ வெளிநாட்டில் வேட்டைக்காரன் புல்லுக்குள் பதுங்கி அதை ஊதுவானாம்; தன் இனம் கூப்பிடுகிறது என்று நம்பி வாத்து இறங்கி வந்து சாகுமாம். அண்ணன் சிடார் கட்டையைக் கடைவார். தேவன் உப்புத்தாள் போட்டு, மெஷினில் சுற்றவிட்டு எண்ணெய் தேய்த்து, ஊதிப் பார்த்து முடிப்பான். சிவப்புத் தூசி சோற்றிலும் கிடக்கும். அது நெஞ்சுக்கு ஆகாது, வேலையை விடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றார். நிற்க முடியாமல் போனதும் படுத்தார். குரல் உரக்க எழும்பாததால் தலைமாட்டில் ஓர் ஊதலை வைத்துக்கொண்டார். மூச்சு முட்டினால் ஊதுவார், யாராவது ஓடுவார்கள்.

"கட்டுன பொண்டாட்டிய வாத்துன்னு நெனச்சுக் கூப்புடுற ஆளு நான் ஒருத்தன்தான்," என்று அதிலும் சிரிப்பார்.

இன்று காலை யாரும் ஓடவில்லை.

குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தேவனை அண்ணி தினேஸ்வரி கொட்டகைக்குள் கூப்பிட்டாள். அவள் இன்னும் அழவில்லை.

"தேவா, காலையில ஊதல் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவ. நீதானே ஊதுன?"

மெஷின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றைக்கூட அவன் வாயில் வைக்கவும் இல்லை.

"அடுப்புல கொழம்பு. நீ ஊதிப் பாக்குறேன்னு நெனச்சி, நான்..."

"நான்தான் அண்ணி," என்றான் தேவன். "ரெண்டு தடவ ஊதுனேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. சுவர் ஆணிகளில் வரிசையாக ஊதல்கள் தொங்கின. எல்லாம் காலையில் எண்ணெய் போட்டவை. இன்னும் ஈரம் மினுங்கியது. எண்ணெய் போட்ட அன்று எதையும் வாயில் வைப்பதில்லை. மறுநாள் காய்ந்து, உள்ளே சத்தம் எழுப்பும் நாக்குத் தகட்டைப் பொருத்திய பிறகுதான் ஊதுவது. இத்தனை வருடமும் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக் கழற்றியவள் அவள்தான்.

ஒன்றைத் தொட்டாள். விரலைச் சேலையில் துடைத்தாள்.

"ம். நீதான்," என்றாள். "தூக்கத்துலயே போயிட்டாரு போல."

"ஆமா அண்ணி."

தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் போய்க் குழாயை மூடினான்.

மத்தியானம் ஈப்போவிலிருந்து ஊதல் எடுக்கும் சீன முதலாளி, தவுக்கே, வந்தார். துக்கப் பண உறையைப் பக்கத்து வீட்டு நவமணி அக்கா கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சின் முன் தலைகுனிந்து நின்றார். பிறகு தேவனை வாசல் கேட்டருகே அழைத்துப்போய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அண்ணன் முன்பணம் வாங்கியதை மலாயில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவசரமில்லை என்றார். இனி யார் கடைவது என்றும் கேட்டார்.

"வேற ஆளு பாத்துக்குங்க தவுக்கே. இந்த வேல இந்த வீட்டுல..." என்று தொடங்கினான் தேவன்.

"நான் கடைஞ்சித் தாரேன்."

தினேஸ்வரி பின்னால் நின்றிருந்தாள்.

"அண்ணி, அந்தத் தூசி..."

"எனக்குத் தெரியும்லா," என்றாள். "முன்பணத்துக்கு எத்தன ஊதல் பாக்கி, அதக் கேளு."

தவுக்கே சொன்னார். நூற்றிருபது ஊதல்.