இரண்டு வினாடித் தாமதம்

மச்சானின் முகத்தில் கரி பூச வேண்டும் என்று தந்தி மூன்று வருடமாகக் காத்திருந்தான். கோபத்தை அத்தனை நாள் கெட்டுப்போகாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. அவன் வீட்டில் ஒரு பல்புகூட மூன்று வருடம் எரிந்ததில்லை.

தந்தி என்பது அவன் பெயரல்ல. குடும்பம் ஒட்டிய முத்திரை. இணைய வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு அவன் வீட்டிலிருந்தே வீடியோக்களைச் சரிசெய்து கொடுக்கிறவன். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய மடிக்கணினி, அதில் ஒரு கறுப்புத் திரை. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. ஒரு வரி தட்டச்சு செய்து என்டரை அழுத்துவான். எண்கள் சரசரவென்று ஓடும். குட்டையான வீடியோ நெட்டையாகும், கிசுகிசுக்கும் குரல் நிமிர்ந்து நிற்கும். பார்க்கிற உறவினர்களுக்கு அவன் ஏதோ வங்கிப் பெட்டகத்தைத் திறக்கிற மாதிரி இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய பத்தாவது திருமண நாள். மனைவியைப் பற்றி ஒன்பது நிமிடம் உருகி உருகிப் பேசி, தன் கைபேசியில் தானே பதிவு செய்தான். அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிற பொறுப்பை, ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஏற்றுக்கொண்டார். இசை சேர்த்தார், பூ பறக்கவிட்டார். போட்டுக் காட்டியபோது வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். போகப் போக இடைவெளி கூடியது. "நீ இல்லன்னா எனக்கு வாழ்க்கையே இல்ல" என்று குரல் தழுதழுத்தபோது, திரையில் அவன் பேசி முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

கூடம் குலுங்கியது. மச்சான் மைக்கை எடுத்தார்.

"மன்னிக்கணும்! நம்ம மாப்ள தட்டச்சு அடிச்சே படம் காட்டுறவரு. அதான் தந்தி மாதிரி லேட்டா வந்து சேருது!"

அன்றிலிருந்து அவன் தந்தி.

தப்பு யாருடையது என்று மறுநாளே ஸ்டுடியோ ஆபரேட்டர் போனில் சொல்லிவிட்டார். கைபேசி வினாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளும். ஸ்டுடியோவின் மென்பொருளோ எல்லாம் ஒரே சீர் என்று நம்பிவிடும். படம் முந்திப் போகும், குரல் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும். "உங்க மச்சானுக்கு அன்னிக்கே தெரியும் சார். என்னை ஒரு ஓரமா கூட்டிட்டுப் போய்த் திட்டினாரே!"

தெரிந்துகொண்டே பழியை இவன் தலையில் கட்டியிருக்கிறார். தந்தி இதை உறவினர்களுக்கு விளக்கப் பார்த்தான். "வினாடிக்கு முப்பது படம்னு வெச்சுக்கோங்க..." என்று ஆரம்பித்தால் அவர்களுக்கு எங்காவது போன் வந்துவிடும். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது தன் தப்பில்லை என்று அதே கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மச்சானும் அதே கூட்டத்தின் முன்னால் அதேபோல் நிற்க வேண்டும்.

வாய்ப்பு நடந்தே வந்து அழைப்பு மணியை அடித்தது.

"மாப்ள, நீதான் காப்பாத்தணும்" என்றார் மச்சான், செருப்பைக்கூடக் கழற்றாமல். அவர் மகளின் கல்யாணம் போன வாரம்தான் முடிந்திருந்தது. சொந்த மகள் கல்யாணத்தில் சொந்த ஸ்டுடியோவின் கேமரா மேடைப் பேச்சு நேரத்தில் பேட்டரி தீர்ந்து அணைந்திருக்கிறது. அந்தக் கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. "போன்ல எடுத்ததுதான் மிச்சம். ஒண்ணு படுத்துக் கிடக்கு, ஒண்ணுல சத்தமே இல்ல, ஒண்ணு சைஸு யானை மாதிரி. எங்க சாஃப்ட்வேர்ல போட்டா தொங்கிடுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விருந்து, எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். முடியுமா?"

"லேட்டா வந்தா பரவாயில்லையா மச்சான்?"

மச்சான் சிரித்தார். தந்தியின் மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டிக் கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேலை இரண்டு பகலில் முடிந்தது. படுத்துக் கிடந்ததை ஒரு வரியில் எழுப்பி நிறுத்தினான். சத்தமில்லாததற்குக் குரல் கொடுத்தான். யானையைக் கழுதை அளவுக்கு இளைக்க வைத்தான். ஆளுக்கொரு அளவில் இருந்த துண்டுகளை ஒரே அளவாக்கிக் கோத்தான். மச்சானின் சொந்தப் பேச்சு ஒரு தாங்கியில் வைத்த கைபேசியில் பதிவாகியிருந்தது. அதே சீரற்ற வியாதி அதற்கும். அதையும் வினாடிக்கு முப்பது என்று கட்டாயப்படுத்தி, உதடும் சொல்லும் ஒட்டும்படி குணமாக்கினான்.

பிறகு, குணமான நோயாளிக்கு அதே நோயை அளந்து கொடுக்க உட்கார்ந்தான்.

படத்தைத் தொட வேண்டியதில்லை. குரலின் வேகத்தை ஒன்றுக்குப் பதில் 0.9934 என்று வைத்தால் போதும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஐந்து நிமிட முடிவில் மட்டும் கச்சிதமாக இரண்டு வினாடி பின்தங்கும். மச்சானின் ஒன்பது நிமிடப் பேச்சில் ஐந்து நிமிடம் மட்டும் ஏன் என்றால், மீதியில் கைவைக்கத் தந்தியால் முடியவில்லை. முதல் நான்கு நிமிடம் மச்சான் மகளைப் பற்றிப் பேசினார். அவள் முதல் நாள் பள்ளிக்குப் போகும்போது தன் சுண்டுவிரலை விட மறுத்ததைச் சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்தார். தந்திக்கும் கண் கலங்கியது. சீ, பழிவாங்க உட்கார்ந்தவன் அழுகிறானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை வெட்டிப் பத்திரமாக ஒதுக்கினான். நான்காவது நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் மச்சான் "எங்க ஸ்டுடியோவோட தரம் எப்படின்னா..." என்று தொடங்கினார். அங்கிருந்து விஷத்தை ஏற்றினான்.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மெருகு ஏத்துறேன்."

"இந்தச் சிரிப்பு மெருகு ஏத்துற சிரிப்பு மாதிரி இல்லையே!"

அவன் கணக்கு தெளிவாக இருந்தது. படத்தின் தொடக்கத் தலைப்புகளை ஸ்டுடியோவில் போட்டுக்கொள்வதாக மச்சான் சொல்லியிருந்தார். ஆக, முதலில் வருவது ஸ்டுடியோ பெயர். பழி போவதும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை அதே கூடம், அதே திரை, அதே உறவுகள். தந்தி நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. ஸ்டுடியோ பெயர் தங்க எழுத்தில் சுழன்று வந்தது. அதற்குப் பின், அவன் சற்றும் எதிர்பாராத ஒரு வரி, அதைவிடப் பெரிய எழுத்தில்:

'படத்தொகுப்பு: எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை.'

கை தட்டினார்கள். தந்தி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

மகளைப் பற்றிய நான்கு நிமிடமும் கூடத்தில் ஒரு செருமல் இல்லை. பிறகு ஸ்டுடியோவின் தரம் ஆரம்பித்தது. முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிமிடம் யாரோ நெளிந்தார்கள். கடைசியில், திரையில் மச்சான் கும்பிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறியத் தொடங்கிய பிறகு, "துல்லியம்னா அது நாங்கதான்!" என்று அவர் குரல் வந்து சேர்ந்தது.

கூடம் வெடித்தது. ஆனால் ஒரு தலைகூட மச்சான் பக்கம் திரும்பவில்லை. எல்லாத் தலையும் நடுவரிசைக்குத் திரும்பியது.

"என்ன தந்தி, மறுபடியுமா!"

"அடுத்த தடவை தபால்லயே அனுப்பிடுப்பா!"

"பாவம், அவருக்கு அடிச்சு அடிச்சு விரல் வலிச்சிருக்கும்!"

தந்தி எழுந்து ஓடலாமா என்று பார்த்தான். வரிசையில் இரண்டு பக்கமும் பருமனான அத்தைகள். பழிவாங்குகிறவன் முதலில் ஓரத்து நாற்காலியைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மச்சான் மைக்கை எடுத்தார். தந்தி கண்ணை மூடிக்கொண்டான். இந்த முறை என்ன பெயர் வைக்கப்போகிறாரோ!

"யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க" என்றார் மச்சான். "மாப்ள சரியாத்தான் குடுத்திருப்பாரு. நேத்து நான்தான் தலைப்பு போடுறேன்னு எங்க சாஃப்ட்வேர்ல ஏத்தினேன். அது இப்படித்தான் கெடுத்துத் தொலைக்கும். மூணு வருஷம் முன்னாடியும் அதுதான் கெடுத்துச்சு. தெரிஞ்சுக்கிட்டே அவர் தலையில போட்டேன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்களா, எனக்கும் ஜாலியா இருந்துச்சு. தப்பு என்னோடது."

மூன்று வருடமாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தைகள். உதடும் குரலும் ஒரு வினாடிகூட விலகாமல், நேரில், மைக்கில். அதுவும் அவன் உண்மையிலேயே தப்பு செய்திருந்த ஒரே நாளில். கல்யாணப் பெண் திரும்பி, "சாரி மாமா" என்றாள். தந்தி ஏதோ பெரிய மனது உள்ளவன் போலக் கையசைத்தான். மனைவி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மறுநாள் காலையில் மச்சான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கத்துக்குடு மாப்ள. இனிமே யார் வீட்டு விசேஷத்துலயும் இப்படி ஆகக் கூடாது."

"ரொம்பச் சுலபம் மச்சான். ஒரே வரிதான்" என்றான் தந்தி. அந்த வரியை மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, கறுப்புத் திரையில் மேல்நோக்கும் அம்பு விசையைத் தட்டினான். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. முன்பு அடித்ததையெல்லாம் திரை ஞாபகம் வைத்திருக்கும்; அம்பைத் தட்டினால் கடைசி வரி முதலில் எழுந்து வரும்.

வந்தது.

கட்டளையில் ஒரு எழுத்துகூட மச்சானுக்குப் புரியாது. கோப்புகளின் பெயர் புரிந்தது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்தவர் சத்தமாகவே படித்தார்.

"மச்சான் பேச்சு... அப்புறம்... பழி... ஃபைனல்... ரெண்டு."

காப்பி கொண்டுவந்த மனைவி அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"ரெண்டு எதுக்கு?" என்று கேட்டார் மச்சான், மிகவும் மெதுவாக.

"முதல் தடவை ஒண்ணரை வினாடிதான் வந்துச்சு" என்றான் தந்தி. பொய் சொல்ல நேரமில்லை. "பத்தலை."

மச்சான் பேனாவை மூடினார். நோட்டை மூடினார். அவர் மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று தந்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பொண்ணைப் பத்தி நான் பேசினது மட்டும் சரியா இருந்துச்சே?"

"அதுல கை வைக்க மனசு வரல மச்சான்."

மச்சான் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மைக்குல சொன்னதைத் திருப்பி வாங்க மாட்டேன். அது மூணு வருஷத்துக் கடன். ஆனா நேத்து நடந்தது தனி. அதுக்கு நீ அனுபவிப்ப மாப்ள."

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண ஆல்பம் வந்தது. கனமான அட்டை, வழவழ தாள். மனைவி ஆவலாகப் பக்கங்களைத் திருப்பினாள். ஐந்தாவது பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், பாதிக்கு மேல் ஆல்பத்தைப் பிடித்துக்கொள்ள முடியாமல் கீழே வைத்துவிட்டாள்.

மொத்தம் முப்பத்தொரு படங்களில் தந்தி இருந்தான். முப்பத்தொன்றிலும் அவன் கண் மூடியிருந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போது தூக்கம். மணமகளை ஆசீர்வதிக்கும்போது தூக்கம். குடும்பப் படத்தில் நாற்பத்தாறு பேர் விழித்திருக்க, நடுவில் அவன் மட்டும் நின்றபடியே உறக்கம்.

"எங்கண்ணன் ஆளுங்க நாலாயிரம் படம் எடுத்தாங்களாம்" என்றாள் மனைவி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

தந்தி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். நாலாயிரம் படங்கள். அத்தனையையும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, மகளை விட்டுவிட்டு, மருமகனை விட்டுவிட்டு, அவன் இமைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அவனை இவ்வளவு உன்னிப்பாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. மனைவி உட்பட.

நெஞ்சு கொஞ்சம் இளகியது. அது முழுதாக இளகுவதற்குள் அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

"ஏம்மா, உங்க அண்ணனுக்கு அடுத்த பிறந்த நாள் எப்ப வருது?"