அண்ணன் பேரில் ஒரு ஓட்டு

வானகரத்து வரதனுக்கு ஓட்டு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் அவன் ஓட்டுப் போடத்தான் போகிறான்.

அது வெள்ளைக்காரன் காலம். ஓட்டு என்பது கண்டவனுக்கெல்லாம் கிடைக்கிற சாமான் இல்லை. சர்க்காருக்கு இவ்வளவு தீர்வை கட்டுகிற நிலம் இருந்தால்தான் உண்டு. குடும்பத்து நிலம் முழுக்க மூத்தவன் கோதண்டத்தின் பேரில் இருந்தது. ஆகையால் தேர்தல் என்று வந்தால் அண்ணன் ஓட்டுச்சாவடிக்குள் போவான்; தம்பி வெளியே புளியமரத்தடியில் மாட்டுக்கு வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நிற்பான். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற அண்ணன் முகத்தில் அப்படி ஒரு களை இருக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் வரதனுக்கு உள்ளுக்குள் புகைந்திருக்கிறது. அண்ணன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் ஒரு பக்கம், புகைச்சல் ஒரு பக்கம்.

கோதண்டம் கதர் கட்டியவன். கள்ளுக்கடை மறியலில் சிறைக்குப் போனவன். திரும்பி வந்தபோதே நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இரண்டு மாரிக்காலம் தாங்கினான், மூன்றாவதில் போய்விட்டான். பிள்ளைகுட்டி இல்லை. மனைவி தாட்சாயிணி மட்டும் அந்த வீட்டில் மிஞ்சினாள்.

தாட்சாயிணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புருஷன் பேரை வாயால் சொல்லாதது அந்தக் காலத்துப் பெண்களுக்கெல்லாம் வழக்கம்தான். ஆனால் இவள் அதிலும் ஒரு படி மேலே. ஊர்க்கோடியில் இருந்தது கோதண்டராமர் கோயில். புருஷன் பேர் சாமிக்கும் இருக்கிறதே, என்ன செய்வாள்? 'வில்லுக்கார சாமி' என்பாள். மற்ற பெண்கள் அவள் வாயைக் கிண்டிப் பார்ப்பார்கள், எந்தச் சாமி என்று. அவள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சர்க்கார் ஆள் யாராவது வந்து வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால், கூட நிற்கிற கொழுந்தனைப் பார்ப்பாள். வரதன் எடுத்துச் சொல்வான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பொடியன். அப்போதிருந்தே அந்த வேலை அவனுடையது.

இப்படி இருக்கையில், டில்லி சட்டசபையில் நம் ஜில்லாவுக்காக உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் திடீரென்று காலமாகிவிட்டார். காலியான அந்த ஒரு நாற்காலிக்கு உபதேர்தல் என்று தண்டோரா போட்டார்கள். நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் கதர்க்கட்சி வக்கீல், அவருக்கு மஞ்சள் பெட்டி. இன்னொருவர் மோட்டார் வைத்திருந்த மிராசுதார், அவருக்குப் பச்சைப் பெட்டி. மிராசுதார் டில்லியில் போய் என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. மோட்டாரை மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய ஆள் பரந்தாமன் ஒருநாள் வயல் வரப்பில் வந்து நின்றான்.

"வரதா, ஓட்டு ஜாபிதாவுல உங்க அண்ணாத்தே பேரு இன்னும் கீது, தெரியுமா?"

"அவுருதான் போய்ட்டாரே. எப்டி கீது?"

"அது பழைய ஜாபிதா, நைனா. திடீர் எலெக்சனுக்கு எவன் குந்தி புதுசா எழுதினுகிறான்? அந்த ஓட்டு சும்மா வீணாப் போவப் போவுது. ஊட்டுக்கு இப்போ பெரியவன் யாரு? நீதானே? அண்ணாத்தே வண்டிய நீ ஓட்டல? அண்ணாத்தே மம்முட்டிய நீ புடிக்கல? ஓட்டு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?"

வரதன் மண்வெட்டியைப் பார்த்தான். அண்ணனுடையதுதான். நியாயம் போலத்தான் பட்டது. தப்பு செய்ய ஆசைப்படுகிறவனுக்கு நியாயம் கிடைக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

"அண்ணாத்தே கதர்க்கட்சியாச்சே" என்று பேருக்கு முனகினான்.

"அவுரு கட்சி அவுரோட போச்சி. எலெக்சன் அன்னிக்கு காலீல மோட்டார் அனுப்புறேன், ஏறி குந்திக்கினு வா."

மோட்டார் என்றதும் மிச்சமிருந்த தயக்கமும் ஓடிப்போயிற்று. வரதன் பணம் கேட்கவில்லை, காசு வாங்கவில்லை. குமணன்சாவடி ஜனங்கள் பார்க்க மோட்டாரில் போகவேண்டும், பூந்தமல்லிச் சாவடிக்குள் ஒருதரம் அண்ணனைப்போல நுழைந்து வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். அந்த அல்ப ஆசைக்காகத்தான் எல்லாம். காசுக்காகச் செய்திருந்தால்கூடப் பின்னால் இவ்வளவு கூசியிருக்க மாட்டான்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் தாட்சாயிணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளிக்கு ஓட்டாமே. வண்டி கட்டுறியா, நைனா?"

வரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனுக்கு இன்னாத்துக்கு அண்ணி?"

"எங்கப்பா ஊட்டு நெலம் எம் பேர்லதானே கீது. அதுக்கு ஓட்டு உண்டுன்னு அவுருதான் எழுதி வெச்சாரு. ஒரு தரமாச்சும் போடுடின்னு சொல்லிகினே இருந்தாரு."

அண்ணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் மோட்டார் எங்கே, அண்ணன் பேர் எங்கே? வரதன் யோசிக்கவே இல்லை.

"இது டில்லி எலெக்சன் அண்ணி. இதுல பொம்பளைங்களுக்கு ஓட்டு கெடியாது."

"அப்டியா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவள் அவள்.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வரதன் கிளம்பினான். ஊருக்கு வெளியே மோட்டார் நின்றிருந்தது. அண்ணனின் வெளுத்த சட்டையைப் போட்டிருந்தான். தோளில் சற்றுத் தொளதொளத்தது. வழியெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமணன்சாவடியில் தெரிந்தவன் ஒருவன் வாயைப் பிளந்ததைப் பார்த்து வரதனுக்கு உச்சி குளிர்ந்தது.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடம்தான் சாவடி. மேசைக்குப் பின்னால் பட்டணத்திலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் ஜாபிதாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வானகரத்து மணியக்காரர், ஆளை அடையாளம் காட்ட. இன்னொரு பக்கம் கதர்க்கட்சி ஏஜெண்டு மணவாளன், ஆளைச் சந்தேகப்பட. மூலையில் படுதா கட்டியிருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகள்.

"பேர்?"

"கோதண்ட நாயக்கர்."

எச்சில் விழுங்காமல் சொல்லிவிட்டான். அவனுக்கே ஆச்சரியம்.

"தகப்பனார் பேர்?"

"ஏகாம்பர நாயக்கர்." இது மட்டும் உண்மை.

மணவாளன் எழுந்தான். "சாமி, அவுரு தவறிப் போய்ட்டாருன்னு கேள்வி."

குமாஸ்தா மணியக்காரரைப் பார்த்தார். பரந்தாமன் அந்த வாசலையும் ஏற்கெனவே மிதித்திருந்தான் போலிருக்கிறது. மணியக்காரர் கூரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். சீட்டு வரதன் கைக்கு வந்தது. படுதாவுக்குள் போன கிழவர் ஒருவர் போனவர்தான், எந்தப் பெட்டி எந்த நிறம் என்று தடவிக்கொண்டிருந்தார் போலும். வரதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான்.

அப்போதுதான் வாசலில் தாட்சாயிணி வந்து நின்றாள்.

புழுதிக் கால். வானகரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் துணைக்கு வந்தவள், அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பொம்பளைகளுக்கும் ஓட்டு உண்டு என்று பூங்காவனம்தான் எங்கேயோ கேட்டு வந்து சொல்லியிருக்கவேண்டும். வரதன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"பேர்?" என்றார் குமாஸ்தா, ஜாபிதாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தாட்சாயிணி."

"வீட்டுக்காரர் பேர்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் பேர் சொல்லம்மா. சொன்னால்தான் சீட்டு."

தாட்சாயிணி சுற்றுமுற்றும் பார்த்தாள். வரதன் கண்ணில் பட்டான். அவன் ஏன் இங்கே நிற்கிறான், சந்தைக்கல்லவா போனான் என்றெல்லாம் அவள் நினைத்ததாகவே தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்தது. நல்லவேளை, பேர் சொல்ல ஆள் இருக்கிறான் என்று மலர்ந்தது. அந்த முகத்தை வரதன் சாகிறவரை மறக்கப் போவதில்லை.

"அதோ நிக்கிறாரே, அவுரக் கேளுங்க சாமி. அவுரு சொல்லுவாரு."

குமாஸ்தா வரதனைப் பார்த்தார். திரும்ப ஜாபிதாவைப் பார்த்தார். விரலை வைத்துப் படித்தார். "தாட்சாயிணி, கோதண்ட நாயக்கர் மனைவி. ஓஹோ! இப்போதுதானே இவர் அந்தப் பேரைச் சொல்லிச் சீட்டு வாங்கினார். புருஷனையே பக்கத்தில் வைத்துக்கொண்டா பேர் சொல்ல இவ்வளவு வெட்கம்?"

வரிசையில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதே வரிசையில் நின்ற வானகரத்து ஆட்கள் சிரிக்கவில்லை.

குமாஸ்தா தாமும் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கி அவளை முதன்முதலாகப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி. வெறுங்கழுத்து. அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தாட்சாயிணி வரதனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அண்ணன் சட்டையைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்குவது வரதனுக்குத் தெரிந்தது. இவன் ஓட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் பார்க்க அவளுக்குப் புருஷனாகி நிற்கிறான். தாயைப்போல அவனுக்குச் சோறு போட்டவளுக்கு.

மணவாளன் துள்ளி முன்னால் வந்தான். "அம்மா, அவுரு உங்க ஊட்டுக்காரரா, இல்லியா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. போலீசு வெளிய தயாரா கீது."

ஆமாம் என்றால் அவள் மானம் போகும். இல்லை என்றால் வரதன் விலங்கோடு போவான். 'நான் வரதன், அவுங்க கொழுந்தன்' என்று வரதன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளைக் கேட்கவே வேண்டியதில்லை. அது அவன் நாக்கு வரைக்கும் வந்தது. சற்று முன் அண்ணன் பேரை அவ்வளவு சுளுவாகச் சொன்ன நாக்குக்குத் தன் பேரைச் சொல்லத் துப்பில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தாட்சாயிணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனுக்கு ஓட்டு வாணாம் சாமி" என்றாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

மணவாளன் கத்தினான். குமாஸ்தா மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் மறுபடியும் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். மிராசுதாரோடு வம்பு எதற்கு என்று குமாஸ்தாவுக்கும் தோன்றியிருக்கவேண்டும். "போட்டுவிட்டுப் போய்யா, சீக்கிரம்" என்றார். வரதன் முகத்தைப் பார்த்து அவர் சொல்லவில்லை.

படுதாவுக்குள் போய் வரதன் அழுதான். பிறகு சீட்டை மஞ்சள் பெட்டியில் போட்டான். பரந்தாமனை ஏய்த்துவிட்டோம், அண்ணன் மனசு குளிரும், பாதிப் பாவமாவது கழிந்தது என்று ஒரு கணக்கு. வெளியே மோட்டார் நின்றது. அதில் ஏறாமல் ரோட்டில் ஓடினான்.

வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் அவர்களைப் பிடித்துவிட்டான். பூங்காவனம் அவனைக் கண்டதும் காறித் துப்பிவிட்டு முன்னால் போனாள்.

"அண்ணி, நான் அண்ணாத்தே பொட்டிலதான் போட்டேன். சத்தியமா அண்ணி, மஞ்சப் பொட்டி."

தாட்சாயிணி நடந்துகொண்டே சொன்னாள்: "அவுரு போடல. நீ போட்ட."

வானகரம் வரை வரதன் அவள் பின்னாலேயே நடந்தான். அவள் திட்டினால் தேவலை என்று வரதன் கெஞ்சாத தெய்வமில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவிவிட்டு உலையை வைத்தாள். அவனுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள்.

மிராசுதார் ஏராளமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வரதன் போட்டதும் தாட்சாயிணி போடாததும் அதில் எறும்புக் கடிகூட இல்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? காப்பிக்கடைப் பக்கம் அவன் தலை தெரிந்தால் போதும்.

"இன்னா கோதண்டம், சௌக்கியமா?"

"மாமே, சும்மா இரு. அவுரு செத்துப் போனவரு, பேச மாட்டாரு."

வரதன் காப்பிக்கடைப் பக்கம் போவதையே விட்டான். கேலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் தாட்சாயிணி அவனை 'நைனா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். 'வரதா' என்றும் கூப்பிடவில்லை. "சோறு வெச்சிக்கீது" என்பாள், சுவரைப் பார்த்து.

வைகாசியில் ஜமாபந்தி வந்தது. கோயில் எதிரே பந்தல் போட்டு ரெவின்யூ அதிகாரி உட்கார்ந்திருந்தார். இறந்தவன் பேரிலிருந்த நிலத்தை மாற்றி எழுதவேண்டும். தாட்சாயிணி போய் நின்றாள். வரதனும் இரண்டடி தள்ளி நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பேர் சொல்ல ஆள் வேண்டுமே என்று வந்தான். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட்டால் அண்ணி ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள் என்று வந்தான்.

"பேர்?"

"தாட்சாயிணி."

"வீட்டுக்காரர் பேர்?"

வரதன் ஒரு அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தான்.

"கோதண்டம்" என்றாள் தாட்சாயிணி.

பந்தலில் இருந்த பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாட்சாயிணி கணீரென்று இன்னொரு தரம் சொன்னாள், அதிகாரி எழுதிக்கொள்ள வசதியாக.

"கோதண்டம், சாமி. செத்துப் போய்ட்டாரு."

வரதன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.