இரட்டை முடிச்சு

வெள்ளைப் பூத்துணியைக் காணவில்லை.

கட்டை அதே கட்டைதான். பலகைப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஈரத்தில் ஊறிக் கறுத்து, தலையில் பாசித் தொப்பியோடு நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதன் கழுத்தில் விரல் அகலத் துணி ஒன்றை, இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒற்றை முடிச்சாகக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது கழுத்து மொட்டையாக இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பரவாயில்லையே, மாஸ்டர் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாரே!

ஏற்பாடு அப்படித்தான். அவள் முன்னால் போவாள். பாதை பிரிகிற இடங்களில், போக வேண்டிய பக்கத்துக் கட்டையில் ஒரு துணி கட்டுவாள். பின்னால் மெதுவாக வரும் அவர் அதைப் பார்த்து வழி தெரிந்துகொண்டு, அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வருவார். ‘எதையும் எடுக்காதீர்கள், எதையும் விட்டுச் செல்லாதீர்கள்’ என்று ஏரியின் நுழைவாயிலில் ஆளுயரப் பலகை இருந்தது. அதற்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று. ஆக, துணி இல்லை என்றால் மாஸ்டர் இந்த இடத்தைக் கடந்துவிட்டார் என்று அர்த்தம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

கடந்துவிட்டார் என்றால், எங்கே? இங்கிருந்து மழைக்கூரை வரைக்கும் ஒரே பாதை. அந்தக் கூரையின் கீழ்தான் அவள் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்துதான் நேராக நடந்து வருகிறாள். எதிரே ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் புல் மாதிரி தெரிவது புல் இல்லை. மிதித்தால் முழங்கால் வரை விழுங்கும் கரிய சேறு.

“மாஸ்டர்!” என்று கூப்பிட்டாள். குரல் பக்கத்துக் கோரையைக்கூடத் தாண்டவில்லை. அவள் கூரையின் கீழ் வீம்பாக உட்கார்ந்திருந்தபோது ஏரியின் மேல் கிளம்பிய மூடுபனி, இப்போது நாலு பலகைக்கு அப்பால் உலகத்தையே துடைத்துவிட்டிருந்தது.

ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர்தான். கட்டிங் மாஸ்டர். ஒரே அறைக் கடையில் வெட்டு மேஜை அவருடையது, தையல் மெஷின் அவளுடையது. இருவருக்கும் நடுவில் பேச்சு கம்மி. வெட்டிய துணிகளைச் சுருட்டி, அதே துணியில் ஒரு நாடா கத்தரித்துக் கட்டி, அவள் பக்கம் தள்ளுவார். ஒற்றை முடிச்சு என்றால் தைக்கலாம். இரட்டை முடிச்சு என்றால், கை வைக்காதே, எங்கோ உதைக்கிறது, அப்படியே நிறுத்து. இப்படி ஒரு சட்டம் போட்டுக்கொண்டதாக இருவருக்கும் ஞாபகம் இல்லை. தானாக வந்த பாஷை அது.

போன குளிர்காலத்தில் அந்த வெட்டு மேஜை மேலேயே, யாரோ ஒருவரின் கல்யாணக் கோட்டுத் துணி மேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ரத்தக் குழாயில் ஒரு சுருளை வைத்து அனுப்பிய டாக்டர், நன்றாக நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவள் தூங்குவதே அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டுதான். மூச்சின் இழை கொஞ்சம் இழுத்தால் போதும், விழித்துக்கொள்வாள்.

காலையில் நுழைவாயிலில் நல்ல வெயில். புதரின் உச்சியில் ஒரு குட்டிப் பறவை, கல்லோடு கல் தட்டுகிற மாதிரி ‘டக், டக்’ என்றது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, காற்றில் ‘டக், டக்’ என்று பதில் சொன்னார். துணியில் கத்தரியை இறக்குவதற்கு முன் காற்றை இரண்டு தடவை வெட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

“போட்டிக் கடை போட்டிருக்கான் பாரு” என்றார்.

அவ்வளவு நல்ல மூடில்தான் ஆரம்பித்தது. கெடுத்தது அவள்தான்.

“மூச்சு வாங்குதா?”

“வாங்கல. வாடகைக்கு எடுத்திருக்கேன்.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“எப்ப போட்டீங்க? நான் பாக்கலையே.”

அவர் நின்றுவிட்டார். “நீ எனக்குப் பொண்டாட்டியா, நர்ஸா? ராத்திரி புரண்டு படுத்தா எழுந்து உக்காந்து உத்துப் பாக்கிற. செத்துட்டேனான்னு பாக்கிறியா? இன்னிக்கு ஒரு நாள் என்னை விடு தாயே. நீ முன்னாடி போ. திரும்பியே பாக்காதே. அந்தக் கூரைக்கு நானா வந்து சேர்றேன்.”

“வழி மாறிப் போயிட்டா?”

“நான் என்ன கைக்குழந்தையா?”

“கைக்குழந்தை சொன்ன பேச்சைக் கேக்கும்.”

கோபத்தோடுதான் கைப்பையிலிருந்து ஓரத்துணிக் கொத்தை எடுத்தாள். கோபத்தோடுதான் வேகமாக நடந்தாள். முதல் பிரிவில் பச்சை, அடுத்து ரோஜா நிறம், அதற்கடுத்து மஞ்சள், கடைசியாக வெள்ளைப் பூத்துணி. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கைபேசி தன் பையிலேயே கிடப்பது கூரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தாலும் என்ன, அவளுடையதிலேயே ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

இப்போது மஞ்சள் துணி கட்டிய இடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வழுக்கும் பலகை. மஞ்சளும் இல்லை.

அப்போதுதான் அது கேட்டது. அவளுக்குப் பின்னால், பலகையின் மேல் காலடி.

நிம்மதி வந்த வேகத்தில் வசவும் நாக்கு நுனிக்கு வந்தது. எப்படியோ சுற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வருகிறார் மனுஷன். “எங்க போய்த் தொலைஞ்சீங்க மாஸ்டர்?”

காலடி நின்றது. பிறகு மறுபடியும் நெருங்கியது, முன்னைவிட வேகமாக. மாஸ்டர் இப்படி நடக்கமாட்டார். மாஸ்டரால் இப்படி நடக்க முடியாது. அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். குதிகால் பலகையின் விளிம்பைத் தொட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு நீளக் கம்பு வந்தது. அப்புறம் மழைக்கோட்டு. அப்புறம் ஒரு இளம்பெண்ணின் கோபமான முகம்.

“அக்கா, இதெல்லாம் நீங்க கட்டினதா?”

ஏரியின் காவலாளி. இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி ஒரு கம்பி வளையம் தொங்கியது. அதில் வரிசையாகத் துணிகள் கோத்திருந்தன.

“வாசல்ல எழுதித்தானே வச்சிருக்கு? இங்க ஒரு நூலைக்கூட விட்டுட்டுப் போகக் கூடாது அக்கா. குஞ்சு பொரிக்கிற நேரம். பறவைங்க இதைக் கொண்டு போய்க் கூட்டுல வைக்கும், குஞ்சு கால்ல சுத்திக்கும். போன வாரம் ஒரு கூட்டம் பலூன் கட்டிட்டுப் போச்சு. இந்த வாரம் நீங்க தோரணம் கட்டுறீங்க!”

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. “நீதான் அவுத்தியா? எல்லாத்தையுமா?”

“நான்தான். வாசல்லேருந்து ஒண்ணு விடாம. கடைசிப் பிரிவுலேருந்து அப்படியே ஏரிக்கரைக்கு இறங்கிப் பாத்துட்டு இப்பத்தான் மேல ஏறுறேன்.”

“வர்ற வழியில பெரியவர் ஒருத்தரைப் பாத்தியா? நீலக் கட்டம் போட்ட சட்டை. மெதுவா நடப்பார்.”

“இல்லையே. பனி இறங்கினதும் கண்ணுல பட்டவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டேனே. பாதையில ஒருத்தரும் இல்லையே அக்கா.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காவலாளியின் முகத்திலிருந்த கோபம் வடிந்து, அங்கே வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. வாசலிலிருந்து இவள் துணி துணியாக அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் பாதையில் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருப்பார். படவில்லை.

“அந்த வளையத்தைக் காட்டு.”

பச்சை. ரோஜா. மஞ்சள். வெள்ளைப் பூ. அவள் கட்டியது நாலு. பச்சையையும் ரோஜாவையும் மாஸ்டர் அவிழ்க்கவே இல்லை, வீம்புக்கு அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். வளையத்தில் ஐந்து இருந்தன. ரோஜாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நீலக் கட்டம்.

அவளே தைத்துக் கொடுத்த சட்டை. அதன் அடி ஓரத்திலிருந்து கத்தரித்த துண்டு. இரட்டை முடிச்சு போட்டு இறுக்கியிருந்ததால் காவலாளி அவிழ்க்காமல், கட்டையின் தலை வழியாக அப்படியே உருவி எடுத்திருக்கிறாள். அவள் துண்டை விரல் நடுவே நீவிப் பார்த்தாள். வெட்டு நேராக ஆரம்பித்திருந்தது. பாதிக்கு மேல் கோணி, பல்லிளித்து, கடைசியில் வெட்டாமல் கிழித்திருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாஸ்டர் கத்தரி கோணாது. பட்டு வழுக்கும், வெல்வெட் நழுவும், அவர் வெட்டு மட்டும் அடிக்கோல் வைத்த மாதிரி இருக்கும். இது அவர் கைதான். ஆனால் இது அவர் வெட்டு இல்லை.

“இதை எங்கே எடுத்தே?”

“எது... தெரியலையே அக்கா. எரிச்சல்ல பிடுங்கிப் பிடுங்கிக் கோத்துக்கிட்டே வந்தேன். கட்டம், பூவுன்னு யாரு பாத்தா?”

“எடுத்த வரிசையிலதானே கோத்தே? நடுவுல மாத்தலையே?”

“மாத்தல.”

“ரோஜா கலருக்கு அப்புறம். இந்த இடத்துக்கு முன்னாடி. வா!”

ஓடினார்கள். காவலாளி முன்னால், கம்பை நீட்டிப் பிடித்தபடி. ஓடிக்கொண்டே, பாதிப் பேச்சு பாதி மூச்சாகச் சொன்னாள்: “நடுவுல பழைய படகுத்துறைக்கு ஒரு பலகை இறங்கும் அக்கா. பிரிவுன்னு சொல்ல முடியாது. மூடி வச்சிருக்கோம், குறுக்கே ஒரு கயிறுதான். உள்ள ஒரு கல்மேடை தெரியும். உக்காரலாம்னு நினைச்சிருப்பாரோ...”

உட்கார. நின்று நின்று நடக்கிறவருக்கு, தூரத்தில் ஒரு கல் தெரிந்தால் போதுமே. வலி வந்தால் உட்காரச் சொன்னது யார்? தினம் தினம் அவள்தான். ‘அசதியா இருந்தா பிடிவாதம் பிடிக்காதீங்க, கிடைச்ச இடத்துல உக்காருங்க.’ உட்காரும் முன், வழி மாறுகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர்கள் பாஷையில். ‘நிறுத்து. எங்கோ உதைக்கிறது.’

கயிறு அறுபடவில்லை. அதற்குப் பக்கத்துக் கட்டையில், துணியை உருவியபோது பாசி வழித்த புதுத் தடம்.

“மாஸ்டர்!”

பனி குரலை வாங்கி வைத்துக்கொண்டது. காவலாளி இடுப்பிலிருந்த கருவியில் வாசலைக் கூப்பிட்டாள். அது கரகரத்துவிட்டு ஓய்ந்தது. விசிலை எடுத்து ஊதினாள். ஊதி முடித்த அமைதியில், உள்ளேயிருந்து கேட்டது.

டக், டக்.

“மாஸ்டர்தான்! கத்தரி!”

“அது பறவை அக்கா. கல்தட்டின்னு சொல்லுவோம். நாள் பூரா இப்படித்தான்...” காவலாளி அவள் கையைப் பிடித்தாள். “நீங்க இங்கேயே நில்லுங்க. உளுத்த பலகை. ரெண்டு பேரைத் தாங்காது.”

அவள் கையை உதறவில்லை. பிடித்த கையோடு கயிற்றைத் தாண்டினாள். காவலாளிக்கும் வேறு வழி இல்லை. கம்பைச் சேற்றில் ஊன்றி, ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து முன்னால் போனாள். மிதித்த இடத்தில் எல்லாம் பலகை அமிழ்ந்து, விளிம்பில் கரிய தண்ணீர் கொப்பளித்தது. இலை அழுகிய வாடை. நாலு எட்டு வைத்ததும் பின்னால் இருந்த பாதை காணாமல் போனது.

வலது பக்கம், கோரைத் தண்டு ஒன்றில், இடுப்பு உயரத்தில், நீலக் கட்டத் துண்டு. இரட்டை முடிச்சு.

அவள் அதை அவிழ்க்கவில்லை. தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த துண்டு முழங்கால் உயரத்தில் இருந்தது. வெட்டே இல்லை, முழுக்கக் கிழிசல். ஏன் இவ்வளவு கீழே என்று அவள் மனது கேட்டது. பதிலும் அதுவே சொல்ல வந்தது. அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

“என்னைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க அக்கா” என்றாள் காவலாளி. அவள் குரலும் இப்போது தாழ்ந்திருந்தது.

மூன்றாவது துண்டைக் கண்டுபிடிக்க அவள் குனிய வேண்டியிருந்தது. தரையோடு தரையாக, கோரையின் அடியில், சேறு நக்கிக்கொண்டிருந்த இடத்தில். முதல் முடிச்சு விழுந்திருந்தது. இரண்டாவது முடிச்சு, வளையத்துக்குள் நுழைந்த முனை இழுக்கப்படாமல், பாதியில் நின்றிருந்தது.

அதற்கு அப்பால் பலகை இல்லை. வெள்ளை மட்டும்.

அந்த வெள்ளைக்குள், மிகப் பக்கத்தில், டக் என்றது. நீண்ட நேரம் கழித்து இன்னொரு டக்.

அது பறவைதான் என்று சொல்லக் காவலாளி வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டு, கம்பை இரண்டு கையாலும் அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டினாள்.