தீ காட்டிய குழாய்

அதிகாரி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்குழாயிலிருந்து கலங்கல் தண்ணீர் கொட்டியது. மேலே ‘குழாயடிச் சண்டை’ என்று பக்கத்தின் பெயர். அதை நடத்துவது நான் என்பது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

புதுச் சட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அரசாங்கத்தைப் பற்றி இணையத்தில் வாய் திறப்பவர்கள் சொந்தப் பெயரில்தான் திறக்க வேண்டுமாம். இல்லையென்றால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. பெயர் போட்டு எழுதினால் மட்டும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்களாக்கும்! குடிநீர் வாரியத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வாரியத்துத் தண்ணீரைக் குறை சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் முக்காடு.

“இத எடுத்தது வெளியாள் இல்ல” என்றார் அதிகாரி. படத்தை நிறுத்தி, குழாயின் வாயைப் பெரிதாக்கினார். விளிம்பில் கரி படிந்திருந்தது.

பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் முன், கிருமி சாகட்டும் என்று லைட்டரால் குழாயின் வாயைச் சுடுவது எங்கள் வழக்கம். வெறும் வீடியோ எடுக்கப்போன இடத்திலும் கை அதுபாட்டுக்குச் சுட்டுவிட்டது. நெருப்பு தெரிந்த பகுதியை வெட்டி எறிந்த புத்திசாலி, கரியைக் கவனிக்கவில்லை.

“நானும் லேப்ல இருந்து வந்தவன்தான். அந்தப் பக்கம் சாம்பிள் எடுக்கறது நீங்க ரெண்டு பேர்தான்.”

பக்கத்தில் நின்ற நெட்டை தொண்டையைச் செருமினான். தற்காலிக ஊழியன், மனைவிக்கு இது நிறைமாதம்.

“வேலைக்குப் போனப்ப சுட்டதா இருக்கும் சார்.”

“அந்தக் குழாய் நம்ம சாம்பிள் லிஸ்ட்லயே கிடையாது. ஏன்ப்பா, போன மீட்டிங்ல தண்ணியப் பத்திக் கேள்வி கேட்டது நீதானே?”

“கேட்டேன் சார். ஆனா இது நான் இல்ல.”

“போலீசுக்கு நான் ஒரு பேரு சொல்லியாகணும். நீயா ஒத்துக்கிட்டா ஏதோ பாத்துச் செய்யலாம்.”

நெட்டை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வந்ததிலிருந்து யார் எடுத்தது, யார் எடுத்தது என்று ஒரே பாட்டு. தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது என்று மனிதர் மறந்தும் கேட்கவில்லை.

“அவன விடுங்க சார். பக்கம் என்னுது. எடுத்தது நான்.”

“அக்கா, சும்மா இருங்க” என்றான் நெட்டை.

“நீ போடா. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டிய நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

அதிகாரி அவனை வெளியே அனுப்பினார். பெயர் கிடைத்துவிட்ட நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்தார். போலீஸ் வரும்வரை அங்கேயே உட்காரச் சொன்னார். வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என் பக்கம் குனிந்தார். குரல் பாதியாகிவிட்டது.

“ஏம்மா, அந்தக் குழாய்க்குப் பின்னாடித் தெருவுக்கும் அதே லைன்தானா? எங்கம்மா அங்கதான் இருக்காங்க. நான் கேட்டேன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டம் பேசிய அதே வாய்.

“அதே லைன்தான் சார். நல்லாக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா, தாராளமா என் பேரச் சொல்லுங்க.”