அறுத்ததைச் சேர்க்க ஓர் ஆபரேஷன்

மகன் எழில் பவானி ஆற்றுச் சுழலில் சிக்கி இறந்து ஒரு வருஷம் கழிந்த பிறகு, கீதா தன் கணவர் கிருபாசங்கரிடம் அந்த ஆசையைச் சொன்னாள். இன்னொரு பிள்ளை வேண்டும். எழில் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் அவள். இப்போது வயது முப்பத்தொன்பது.

கோவையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அறுத்துக் கட்டிய கருக்குழாய்களை வயிற்றில் சின்னத் துளை போட்டு மறுபடி சேர்த்துத் தைக்கலாம், எவ்வளவு குழாய் மிச்சமிருக்கிறது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும், இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். டெஸ்ட் ட்யூப் முறையும் இருப்பதாகச் சொன்னார். கீதா ஆபரேஷனையே கேட்டாள்.

மேட்டுப்பாளையத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். தன் உருளைக்கிழங்கு மண்டியில் கிருபாசங்கர், மனைவிக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்தார். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. சொந்தத்தில் யாரையும் கூப்பிடவும் முடியாது. அதனால் கூட இருக்க வேண்டிய வேலை மகள் அக்ஷயாவின் தலையில் விழுந்தது.

அவளுக்கு இருபது வயது. கல்லூரியில் கடைசி வருஷம். அடுத்த வருஷம் தனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தவளுக்கு, அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் நிற்பதை எண்ணிப் பார்க்கவே உடம்பு கூசியது. தோழிகளிடம் என்ன சொல்வது? தம்பி போன துக்கம்கூட அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து கீதாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கருக்குழாய் அடைப்புக்காக வந்த ஒரு புதுப்பெண். அவளுடைய மாமியார் பூவாத்தாள், சென்னிமலைக்காரி, பேச்சுத் துணை தேடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மணி, ஆருக்கு ஆபரேசன்? உனக்கு என்ன வேணும் இவங்க?"

அக்ஷயா யோசிக்கவே இல்லை. "எங்கக்காளுங்க" என்றாள். "கல்யாணமாகி ரொம்ப நாளா கொழந்த இல்லீங்க."

கீதா கண்ணை மூடிக் கிடந்தாள். மயக்கம் தெளியவில்லை என்றுதான் அக்ஷயா நினைத்தாள்.

மறுநாள் காலை கீதா எழுந்து உட்கார்ந்தாள். அக்ஷயா பிளாஸ்க்கிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது பூவாத்தாள், தங்கச்சி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளே என்று கீதாவிடம் மெச்சினாள்.

கீதா மகளைப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றாள். "சின்னதுலயிருந்தே என்ற தங்கச்சிக்கு எம்மேல உசுருங்க."

அக்ஷயா டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனாள். லிப்ட் பக்கம் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அம்மா நேற்றே கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, மகளின் மானம் போகாமல் இருக்க அந்தப் பொய்யைத் தானும் சொல்கிறாள். முகம் தீப்பட்டது போல எரிந்தது.

திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தவள், மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"நா இருக்கறது உனக்குப் பத்தலையாம்மா?"

'அம்மா' என்பது பூவாத்தாளின் காதில் விழுந்தது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகளைக் கைத்தாங்கலாக எழுப்பி வராந்தாவில் நடக்கக் கூட்டிப் போனாள்.

"அப்படியில்ல கண்ணு" என்றாள் கீதா. "பையன் வேணும்னும் இல்ல. பொழுது விடிஞ்சா அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்த கையி, இப்ப என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது. இந்த வயசுல இப்படி வந்து படுத்துக் கெடக்கறோமேன்னு எனக்கே வெக்கந்தான். உன்ற மூஞ்சியப் பாக்கத்தான் ரொம்ப வெக்கமா இருந்துச்சு."

அக்ஷயா அவள் காலைப் பிடித்துவிட்டபடி தலை குனிந்திருந்தாள்.

மதியம் டாக்டரம்மா வந்தார். ஒரு பக்கக் குழாயைச் சேர்த்தாயிற்று, நீல மருந்து விட்டுப் பார்த்ததில் தடையில்லாமல் போனது, மறுபக்கம் தைக்கிற அளவுக்கு மிச்சமில்லை என்றார்.

பிள்ளை உண்டாகவில்லை. ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டு டெஸ்ட் ட்யூப் பேச்சு வந்தபோது, போதும் என்று கீதாவே சொல்லிவிட்டாள். அக்ஷயாவுக்கு அதற்குள் கோவையில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வருவாள். அம்மாவும் மகளும் எழிலைப் பற்றி இப்போது தாராளமாகப் பேசுகிறார்கள், சில சமயம் சிரிக்கவும் செய்கிறார்கள்.

அந்த வார்டைப் பற்றி மட்டும் பேச்சே வந்ததில்லை. எங்கக்காள் என்று ஏன் சொன்னாய் என்று அம்மா ஒரு தடவை கோபித்துக்கொண்டால் தேவலை என்று அக்ஷயாவுக்குத் தோன்றும். கீதா கேட்கவே இல்லை.