தோல் தாங்காத பாரம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை அவளுக்கு. ஒருநாள் காலை வந்த முதல் அழைப்பிலேயே ஒரு பெண், கணவனின் நெஞ்சை அழுத்திக்கொண்டே, "மூச்சு வரலையே அக்கா!" என்று கதறினாள். வண்டி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு இவள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கத் திரும்பினாள்.

"அடுத்த போன் அடிக்குதும்மா, எடு" என்றார் மேற்பார்வையாளர்.

எடுத்தாள். நான்கு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முழங்கையில் காசளவு சிவந்த திட்டு ஒன்று வந்தது. பிறகு கழுத்து, தலை. வெள்ளைச் செதில்கள் மேசையில் உதிர்ந்தன. பேசிக்கொண்டே சொறிவாள், நகக்கண்ணில் ரத்தம் ஏறியிருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வரும் பெண் ஒருநாள் ஹெட்போனைத் துணியால் பிடித்து ஒதுக்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீட்டுல கைக்குழந்தை இருக்கு." வீட்டில் கணவனும் ஒதுங்கினான். குளியலறையில் சோப்பு இரண்டானது. கட்டிலின் நடுவே ஒரு தலையணை வந்து படுத்துக்கொண்டது. அரிப்பைவிட அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மருந்துக்கடையில் கையைக் காட்டி ஒரு களிம்பு வாங்கினாள். பத்தே நாளில் அடங்கியது. விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடி வாங்கினாள். எட்டு மாதம் இந்தக் கண்ணாமூச்சி. தோல் வெங்காயச் சருகாய் மெலிந்தது. ஒருநாள் வேலையிலேயே காய்ச்சல் தூக்கிப்போட்டது. தீக்காயம் பட்டவள்போல் உடம்பெல்லாம் சிவந்து, நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். உயிர் தப்பியதே பெரும்பாடாகிவிட்டது.

"இது சோரியாசிஸ். தொட்டா ஒட்டாது" என்றார் தோல் டாக்டரம்மா, கணவனிடம். "கடையில வாங்கின களிம்புல ஸ்டீராய்டு இருந்துருக்கு, அதை விட்டு விட்டுப் போட்டதுதான் இப்படி வெடிச்சிருக்கு. அதை நான் பாத்துக்குறேன். ஆனா மனசுல அழுத்தம் ஏற ஏற இந்த நோயும் ஏறும். இவங்க நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு கேட்டீங்களா?"

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். வலிக்குமோ என்று பயந்து விரல்நுனியை மட்டும் தொட்டான்.

"கேக்கல டாக்டர். ஒரு தடவைகூடக் கேக்கல."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தோடு மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மோசமான அழைப்புக்குப் பிறகு எல்லோருக்கும் பத்து நிமிட ஓய்வு கேட்டாள், ஐந்து கிடைத்தது. திட்டுகள் மறையவில்லை. முழுதாக மறையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

கைக்குழந்தைக்காரி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். காதோரம் சிவந்திருந்தது.

"எனக்கும் அரிக்குதுக்கா. நீங்க என்ன களிம்பு போடுறீங்க?"

"இது என்கிட்ட இருந்து ஒட்டினது இல்ல. கண்டதையும் தடவாத, டாக்டரைப் பாரு" என்றாள் அவள். "குடுக்குற அஞ்சு நிமிஷத்தையும் விடாம எடுத்துக்கோ. தோலுக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, மனசுக்கு ஓய்வும் அவ்வளவு முக்கியம். இதைத் தெரிஞ்சுக்க நான் சாவு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நீ போகாத."